ஒளியிழைப் பண்பேற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரான்ஸ்மிஷன் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களும் இறுதியாண்டு மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சமன்பாடுகளுக்குப் பாடப்புத்தகம் இருக்கிறது. எந்த ஃபார்மட் ஏன் வந்தது, எது எங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

பண்பேற்ற ஃபார்மட் என்று எதைச் சொல்கிறோம்?

லேசரிலிருந்து வருவது சீரான ஓர் அலை. அது சும்மா ஓடினால் தகவல் ஒன்றும் கிடையாது. அதன் வீச்சையோ கட்டத்தையோ (ஃபேஸ்) அதிர்வெண்ணையோ போலரைசேஷனையோ (அலை அதிரும் திசை) தரவுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். எதை மாற்றுகிறோம், எத்தனை படிகளாக மாற்றுகிறோம், ஒரு படியில் எத்தனை பிட் ஏறுகிறது என்ற ஏற்பாடுதான் ஃபார்மட். 1880இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் செய்த போட்டோஃபோனும் இதே குடும்பம்தான்: பேசும் குரலால் ஒரு கண்ணாடியை அதிரவிட்டு, அதில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியின் செறிவை ஏற்றி இறக்கினார். இழை மட்டும்தான் அன்றைக்கு இல்லை.

வீட்டுக்கு வரும் ஃபைபரில் எது ஓடுகிறது?

இருப்பதிலேயே எளிமையானது. ஒளி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. பெயர் ஆன்-ஆஃப் கீயிங். அதிலும் என்ஆர்இசட் வகை, அதாவது தொடர்ந்து இரண்டு 1 வந்தால் நடுவில் ஒளி பூஜ்யத்துக்கு இறங்காது. ஓர் இழையைப் பல வீடுகளுக்குப் பகிரும் ஜிபான் இணைப்பில் உங்கள் வீட்டை நோக்கி 1490 நானோமீட்டரில் 2.488 ஜிகாபிட் வருகிறது, திரும்ப 1310இல் 1.244 ஜிகாபிட் போகிறது. இரண்டுமே என்ஆர்இசட்.

"அது பழசு, சீக்கிரம் மாறிவிடும்" என்று நினைக்க வேண்டாம். 50ஜி-பான் தரத்தை சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு 2021இல் வெளியிட்டபோது, வீட்டை நோக்கி வரும் சுமார் 50 ஜிகாபிட்டுக்கும் என்ஆர்இசட்டையே வைத்துக்கொண்டது. காரணம் ஸ்ப்ளிட்டர். ஓர் இழையை 32 வீடுகளுக்குப் பிரித்தாலே கணக்குப்படி 15 டெசிபல் போய்விடும். நடைமுறையில் 17 வரை வைத்துக்கொள்ளலாம். அத்தனை ஒளியை இழந்த பிறகு வந்து சேரும் சிக்னலில் இரண்டு நிலைகளைப் பிரித்தறிவதே பெரிய காரியம். நாலு நிலைகளுக்கு அங்கே இடமில்லை.

ஆர்இசட் என்பது வேறா?

வேறுதான். ஒவ்வொரு 1-க்கும் ஒளி ஏறி, பிட் முடிவதற்குள் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். துடிப்பு கூர்மையாக இருப்பதால் நெடுந்தூரத்தில் சில நன்மைகள் உண்டு. பதிலுக்கு நிறமாலையில் அதிக இடம் பிடிக்கும், அனுப்பும் பக்கம் மின்சுற்றும் கூடும். தனி ஃபார்மட்டாக இன்று புது லிங்க்கில் யாரும் போடுவதில்லை. தேர்வில் மட்டும் தவறாமல் வருகிறது.

10 ஜிகாபிட் வரை ஆன்-ஆஃப் நன்றாகத்தானே ஓடியது? 40இல் என்ன வந்தது?

டிஸ்பர்ஷன் வந்தது. நாட்டில் அதிகம் புதைந்திருக்கும் ஜி.652 இழையை எடுத்துக்கொள்வோம். 1550 நானோமீட்டரில் அதன் டிஸ்பர்ஷன் சுமார் 17 பிகோசெகண்ட். அதாவது 1 நானோமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு அலைநீளங்கள் சேர்ந்தே கிளம்பினாலும், 1 கிலோமீட்டர் தாண்டும்போது அவற்றுக்கு நடுவே 17 பிகோசெகண்ட் விலகல் இருக்கும்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10 ஜிகாபிட் சிக்னலின் நிறமாலை அகலம் ஏறத்தாழ 0.08 நானோமீட்டர். 80 கிலோமீட்டருக்கு 17 × 0.08 × 80 = 109 பிகோசெகண்ட். ஒரு பிட்டுக்கு ஒதுக்கிய நேரமே 100 பிகோசெகண்ட்தான். ஆகவே 80 கிலோமீட்டர் வாக்கில் ஒரு பிட் பக்கத்துப் பிட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. 10ஜி மாட்யூல்களில் 80 கிலோமீட்டர் என்ற எண் அடிக்கடி கண்ணில் படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதையே 40 ஜிகாபிட்டுக்குப் போடுங்கள். நிறமாலை நாலு மடங்கு விரிந்து 0.32 நானோமீட்டர் ஆகிறது. பிட்டின் நேரம் நாலில் ஒன்றாகி 25 பிகோசெகண்டுக்குச் சுருங்குகிறது. 17 × 0.32 × 5 = 27. ஐந்தே கிலோமீட்டரில் கதை முடிந்தது. வேகம் நாலு மடங்கானால் தூரம் பதினாறில் ஒன்றாகும் என்று புத்தகத்தில் இருக்கும் வாக்கியம் இதுதான்.

இழையின் வழியில் டிஸ்பர்ஷனை ஈடுகட்டும் சுருள்களை வைத்து சமாளிக்கலாம், வைத்தார்கள். ஆனால் 40இல் அந்த ஈடு இம்மி பிசகக் கூடாது. பகலுக்கும் இரவுக்கும் இழையின் வெப்பநிலை மாறுவதே நெடுந்தூர லிங்க்கில் கணக்கைக் கெடுத்துவிடும்.

டியோபைனரி, டிபிஎஸ்கே, டிகியூபிஎஸ்கே இதையெல்லாம் இன்னும் படிக்க வேண்டுமா?

வரலாறாகப் படியுங்கள். 2000களில் 40 ஜிகாபிட்டை எப்படியாவது ஓட்டிவிட வேண்டும் என்று முட்டி மோதியதில் பிறந்தவை இவை. டியோபைனரி நிறமாலையைச் சுருக்கி டிஸ்பர்ஷனைத் தாங்கியது. டிபிஎஸ்கேயில் இந்த பிட்டின் கட்டம் முந்தைய பிட்டிலிருந்து மாறியதா இல்லையா என்பதில் தகவல் இருக்கிறது. ஆன்-ஆஃபை ஒப்பிட்டால் சுமார் 3 டெசிபல் லாபம். டிகியூபிஎஸ்கே ஒரு குறியீட்டில் (ஒளியின் ஒரு மாற்றத்தில்) இரண்டு பிட் ஏற்றியதால் 40 ஜிகாபிட்டை 20 ஜிகாபாடில் ஓட்ட முடிந்தது.

இவை கெட்டிக்காரத்தனமான தீர்வுகள்தான், மறுக்கவில்லை. ஆனால் டிபிஎஸ்கேக்கும் டிகியூபிஎஸ்கேக்கும் ரிசீவரில் தனி ஒளிச் சுற்று தேவைப்பட்டது. ஒரு பிட் நேரம் தாமதிக்கும் இன்டர்ஃபெரோமீட்டரைச் சூடு மாறாமல் பிடித்து வைப்பதே தனித் தலைவலி. கோஹிரன்ட் (ரிசீவரிலும் ஒரு லேசரை வைத்துக் கட்டத்தைப் படிக்கும் முறை, கீழே வருகிறது) வந்ததும் எல்லாம் ஓரமாகப் போயின.

பிட் வேகமும் பாட் வேகமும் ஒன்றில்லையா?

இல்லை. பாட் என்பது நொடிக்கு எத்தனை குறியீடு என்ற கணக்கு. ஒரு குறியீட்டில் 2 பிட் இருந்தால் பிட் வேகம் அதன் இருமடங்கு. டிஸ்பர்ஷனும் நிறமாலை அகலமும் பாடைத்தான் பார்க்கும், பிட்டை அல்ல. மீதிப் பக்கம் முழுக்க இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒளியின் கட்டத்தை எப்படி மாற்றுகிறார்கள்?

பெரும்பாலும் மாக்-ஸெண்டர் மாடுலேட்டரால். ஒளியை இரண்டு கிளையாகப் பிரித்து, லித்தியம் நியோபேட் போன்ற பொருளின் வழியே அனுப்பி, மின்னழுத்தம் கொடுத்து ஒரு கிளையை மற்றதைவிடத் தாமதப்படுத்தி, திரும்பச் சேர்க்கிறார்கள். இரண்டும் ஒத்து வந்தால் வெளிச்சம், எதிரெதிராக வந்தால் இருட்டு. பாதி வெளிச்சப் புள்ளியில் நிறுத்தி மேலும் கீழும் அசைத்தால் ஆன்-ஆஃப் கிடைக்கும்.

அதே சாதனத்தை முழு இருட்டுப் புள்ளியில் நிறுத்திப் பாருங்கள். மின்னழுத்தத்தை ஒரு பக்கம் தள்ளினால் ஒளி வரும். எதிர்ப்பக்கம் தள்ளினாலும் அதே அளவு ஒளி வரும், ஆனால் கட்டம் 180 பாகை திரும்பி வரும். செறிவு ஒன்று, கட்டம் இரண்டு! இப்படி இரண்டு மாடுலேட்டர்களைப் பக்கத்தில் வைத்து, ஒன்றை 90 பாகை தள்ளிச் சேர்த்தால் நாலு கட்டங்கள் கிடைக்கும். அதுதான் கியூபிஎஸ்கே. இந்த இருட்டுப் புள்ளி வெப்பத்தாலும் வயதாலும் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், அதைத் துரத்திப் பிடிக்க ஒரு கட்டுப்பாட்டுச் சுற்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும்.

போட்டோடயோடுக்குச் செறிவு மட்டும்தானே தெரியும்? கட்டத்தை எப்படிப் படிக்கிறது?

நல்ல கேள்வி. கோஹிரன்ட் என்பதன் உயிரே இங்கேதான் இருக்கிறது. போட்டோடயோடு ஒளிப்புலத்தின் வர்க்கத்தை மின்னோட்டமாகத் தரும், கட்டம் அதில் தொலைந்துவிடும். ஆகவே ரிசீவரில் இன்னொரு லேசரை வைத்து, வரும் ஒளியோடு கலந்துவிடுகிறார்கள். கலந்த கூட்டலின் வர்க்கத்தில் இரண்டின் பெருக்கலும் வரும் அல்லவா? அந்தப் பெருக்கல் உறுப்பில் கட்டம் உட்கார்ந்திருக்கிறது. 90 பாகை இடைவெளியில் இரண்டு முறை, போலரைசேஷன் இரண்டுக்கும் தனித்தனியாக, ஆக நாலு அளவீடுகள். இவற்றை வைத்து ஒளிப்புலத்தையே எண்களாக மீட்டுவிடலாம்.

இரண்டு லேசர்களும் அச்சாக ஒரே அதிர்வெண்ணில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மிச்ச வித்தியாசத்தை டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் செயலி) சிப் கணக்குப் போட்டுக் கழித்துவிடும். ஆனால் லேசர் கோடு மெல்லியதாக இருக்க வேண்டும், வழக்கமாக 100 கிலோஹெர்ட்ஸ் வாக்கில்.

இது புது யோசனை அல்ல. 1980களிலேயே ஆய்வகங்கள் இதில் மும்முரமாக இருந்தன. 1987இல் எர்பியம் பெருக்கி வந்தது. ரிசீவருக்கு முன்னால் ஒளியையே பெருக்கிக்கொள்ளலாம் என்றானபின் இவ்வளவு சிக்கல் எதற்கு என்று கைவிட்டார்கள். அதிவேக அனலாக்-டிஜிட்டல் மாற்றிகளும் டிஎஸ்பியும் தேறிய பிறகே திரும்பி வந்தது. 2008இல் கனடாவின் நார்டெல் நிறுவனம் 40 ஜிகாபிட் கோஹிரன்ட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 5 கிலோமீட்டரில் 40 ஜிகாபிட்டைக் கொன்ற அந்த டிஸ்பர்ஷன் இருக்கிறதே, அது ஒளிப்புலத்தின் மேல் நடக்கும் நேரியல் விளைவு. புலம் கைக்கு வந்துவிட்டால் எதிர் வடிகட்டி ஒன்றைப் போட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கான டிஸ்பர்ஷனையும் சிப்புக்குள்ளேயே துடைத்துவிடலாம். சுருள்கள் தேவையில்லாமல் போயின. இந்தத் துறையில் ஒரே திருப்பத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

100ஜி என்கிறார்கள், ஆனால் பாட் 28 அல்லது 32 என்று எழுதியிருக்கிறதே?

கியூபிஎஸ்கேயில் குறியீட்டுக்கு 2 பிட். இரண்டு போலரைசேஷன்களையும் தனித்தனிப் பாதையாகப் பயன்படுத்துவதால் 4 பிட். பிழைதிருத்தத்துக்குச் சேர்க்கும் கூடுதல் பிட்டுகளோடு, 100ஜியைச் சுமக்கும் ஓடியூ-4 (OTU4) சட்டகம் 111.8 ஜிகாபிட். நாலால் வகுத்தால் சுமார் 28 ஜிகாபாட். பிழைதிருத்தம் இன்னும் பலமாக, 20 சதவீத வாக்கில் இருந்தால் 32. இரண்டுமே 50 ஜிகாஹெர்ட்ஸ் பெட்டிக்குள் அடங்கிவிடும். அதனால்தான் 10ஜிக்காகப் போட்டு வைத்திருந்த அலைநீள கிரிட்டிலேயே, வடிகட்டிகளை மாற்றாமல் 100ஜியை ஏற்ற முடிந்தது. ஆபரேட்டர்களுக்கு அது ரொம்பப் பெரிய விஷயம்.

இழையில் போலரைசேஷன் சுழன்றுகொண்டே இருக்குமே, இரண்டு பாதையும் கலந்துவிடாதா?

கலக்கும். கம்பத்தில் தொங்கும் இழை காற்றில் ஆடினாலே கலக்கும். ரிசீவரில் உள்ள தகவமைப்பு வடிகட்டி கலப்பைத் தொடர்ந்து அவிழ்த்துக்கொண்டே இருக்கும். உயரழுத்த மின்கோபுரத்தின் உச்சிக் கம்பிக்குள் போகும் இழைதான் கடினம்: மின்னல் தாக்கும்போது மின்னோட்டத்தின் காந்தப்புலம் போலரைசேஷனை மைக்ரோசெகண்டுகளில் சுழற்றிவிடும். அந்த வழித்தடத்துக்குக் கார்டு வாங்கும்போது போலரைசேஷனை எவ்வளவு வேகமாகத் துரத்தும் என்ற எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

கான்ஸ்டலேஷன் படத்தைப் பார்த்து என்ன புரிந்துகொள்ள வேண்டும்?

கிடை அச்சில் ஒளிப்புலத்தின் ஒரு கூறு, செங்குத்தில் 90 பாகை தள்ளிய கூறு. வந்த ஒவ்வொரு குறியீடும் ஒரு புள்ளி. கியூபிஎஸ்கே என்றால் நாலு கொத்து, வீச்சையும் கட்டத்தையும் சேர்த்து மாற்றும் 16கியூஏஎம் என்றால் நாலுக்கு நாலாகப் பதினாறு கொத்து.

கொத்து வட்டமாகப் பூத்திருந்தால் பெருக்கிகளின் இரைச்சல். ஒளிக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் குறைந்திருக்கிறது, வழியில் ஏதோ ஸ்பானில் (இரண்டு பெருக்கிகளுக்கு இடைப்பட்ட இழையில்) இழப்பு கூடியிருக்கலாம். கொத்து வாழைப்பழம் போல வளைந்து, மையத்தைச் சுற்றி இழுபட்டிருந்தால் கட்ட இரைச்சல். லேசரையோ, இழையில் அளவுக்கு மீறிய பவரையோ சந்தேகப்படுங்கள். சதுரம் சாய்ந்து இணைகரமாகத் தெரிந்தால் மாடுலேட்டரின் 90 பாகை பிசகியிருக்கிறது. ஒரு போலரைசேஷனின் படம் தெளிவாகவும் மற்றது கலங்கலாகவும் இருந்தால், போலரைசேஷனுக்கு ஏற்ப மாறும் இழப்பு வழியில் எங்கோ இருக்கிறது.

படம் அழகாக இல்லையே என்று பதற வேண்டாம். இன்றைய பிழைதிருத்தம் நூற்றுக்கு 2 பிட் தப்பாக வந்தாலும் சரிசெய்துவிடும். அந்த எல்லையைத் தாண்டினால்தான் ஆபத்து, தாண்டினால் இணைப்பு படிப்படியாக மோசமாகாது, ஒரேயடியாக விழும். ஆகவே வாடிக்கையாளர் போர்ட்டில் பிழை பூஜ்யம் என்று இருப்பதைப் பார்த்து நிம்மதி அடையாமல், திருத்தத்துக்கு முந்தைய பிழை விகிதம் வாரத்துக்கு வாரம் எப்படி நகர்கிறது என்று பாருங்கள்.

16கியூஏஎம் இரண்டு மடங்கு தருகிறதே, எல்லா இடத்திலும் அதையே போட்டால் என்ன?

புள்ளிகள் நெருங்கிவிடுகின்றன. அதே சராசரிப் பவரில், அதே பாடில், கியூபிஎஸ்கேயை விட 16கியூஏஎம்முக்குச் சுமார் 7 டெசிபல் சுத்தமான சிக்னல் தேவை. 64கியூஏஎம் என்றால் 13 டெசிபல். 7 டெசிபல் என்றால் ஐந்து மடங்கு. ஒரே மாதிரி ஸ்பான்கள் அடுத்தடுத்து வரும் லிங்க்கில் இரைச்சல் ஸ்பான் எண்ணிக்கையோடு கூடுவதால், தோராயமாகத் தூரம் ஐந்தில் ஒன்றாகிவிடும். கொள்ளளவு இரண்டு மடங்கு, தூரம் ஐந்தில் ஒன்று. இந்தப் பேரத்தை ஒப்புக்கொள்ளலாமா என்பது உங்கள் வழித்தடத்தைப் பொறுத்தது. சென்னை–மதுரை தூரத்தில் ஒப்புக்கொள்வேன், கடலடிக் கேபிளில் எண்களைப் பார்க்காமல் வாய் திறக்க மாட்டேன். வர்ஜீனியாவிலிருந்து ஸ்பெயினின் பில்பாவோ வரை சுமார் 6,600 கிலோமீட்டர் போகும் மரேயா கேபிளில் 16கியூஏஎம்மை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். அது புது இழை, நெருக்கமான பெருக்கிகள்.

அப்படியானால் பவரைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடாதா?

கொஞ்ச தூரம் வரை ஆகும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் செறிவுக்கு ஏற்பச் சிறிது மாறும், அதுதான் கெர் விளைவு. பவர் ஏறினால் சிக்னல் தன் கட்டத்தையும், பக்கத்து அலைநீளத்தின் கட்டத்தையும் தானே கெடுக்க ஆரம்பிக்கும். இந்தக் கெடுதல் பவரின் மூன்றாம் அடுக்காக வளர்கிறது. பவரை 1 டெசிபல் கூட்டினால் இது 3 டெசிபல் கூடும். ஆக நடுவில் ஓர் உச்சம் இருக்கிறது. பெருக்கி இரைச்சல் இந்த நேரியலற்ற இரைச்சலின் இருமடங்காக இருக்கும் இடமே அந்த உச்சம். ஸ்பானுக்கு முன்னால் ஒரு சேனலுக்கு 1 மில்லிவாட்டுக்கு அக்கம்பக்கத்தில்தான் பெரும்பாலும் வந்து நிற்கும். அதைத் தாண்டி ஏற்றுபவர் தன் லிங்க்கைத் தானே கெடுத்துக்கொள்கிறார்.

பழைய 10ஜி சேனல்கள் ஓடும் இழையிலேயே 100ஜி கோஹிரன்ட்டைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், கவனமாக. 10ஜி ஆன்-ஆஃப் என்பதால் அதன் செறிவு ஒவ்வொரு பிட்டுக்கும் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் கெர் விளைவு வழியாகப் பக்கத்து கியூபிஎஸ்கேயின் கட்டத்தை உதறிவிடும். வழியில் டிஸ்பர்ஷன் சுருள்கள் இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் ஒவ்வொரு ஸ்பானிலும் பிட்டுகள் பழையபடி ஒன்றுசேர்ந்து அதே இடத்தில் மறுபடி அடிக்கின்றன. இரண்டு வகைக்கும் நடுவே சில சேனல்களைக் காலியாக விடுங்கள், 10ஜியின் பவரைக் கொஞ்சம் இறக்குங்கள். பாதிப் பேர் இதைச் செய்யாமல் கார்டு கெட்டுப்போச்சு என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

தரவு மையத்தில் பிஏஎம்-4 என்கிறார்களே, அது எங்கே வருகிறது?

தூரம் குறைவு, ஆயிரக்கணக்கில் மாட்யூல் வேண்டும், விலையும் சூடும் குறைவாக இருக்க வேண்டும் என்ற இடத்தில். செறிவில் இரண்டுக்குப் பதில் நாலு நிலை, குறியீட்டுக்கு 2 பிட். 53.125 ஜிகாபாடில் ஒரு லேன் 100 ஜிகாபிட் சுமக்கும். நேரடிக் கண்டறிதல்தான், இரண்டாவது லேசர் கிடையாது. ஆசிலோஸ்கோப்பில் ஒரு கண்ணுக்குப் பதில் மூன்று கண்கள் அடுக்காகத் தெரியும், ஒவ்வொன்றின் உயரமும் மூன்றில் ஒன்று. ஒளிக் கணக்கில் அதுவே 4.8 டெசிபல் நஷ்டம். ஆகவே பிழைதிருத்தம் இல்லாமல் பிஏஎம்-4 ஓடாது. ஸ்விட்சில் அதை அணைத்து வைத்துவிட்டு லிங்க் வரவில்லையே என்று தேடாதீர்கள்.

400 ஸெட்ஆர் மாட்யூல் என்றால்?

கோஹிரன்ட்டைக் கைவிரல் அளவு மாட்யூலுக்குள் அடக்கி, ரவுட்டரிலேயே செருகும் ஏற்பாடு. ஒளியிணைப்புத் துறை நிறுவனங்களின் கூட்டமைப்பான ஓஐஎஃப் 2020இல் இதன் ஒப்பந்தத்தை வெளியிட்டது. இரு போலரைசேஷன் 16கியூஏஎம், சுமார் 60 ஜிகாபாட், பெருக்கியோடு 120 கிலோமீட்டர் வரை. ஊருக்குள் இரண்டு தரவு மையங்களை இணைக்க அருமை. சூட்டை மட்டும் பாருங்கள்: ஒரு மாட்யூல் 15 வாட் பக்கம் இழுக்கும். ஸ்விட்சின் எல்லா போர்ட்டிலும் செருக முடியுமா என்று கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நிகழ்தகவு வடிவமைப்பு, அதாவது பிசிஎஸ், விளம்பரமா உண்மையா?

உண்மை. வழக்கமான 64கியூஏஎம்மில் எல்லாப் புள்ளிகளும் சம அளவில் வரும். ஓரப் புள்ளிகளுக்குப் பவர் அதிகம் செலவாகும். பிசிஎஸ்ஸில் மையத்துப் புள்ளிகளை அடிக்கடியும் ஓரத்தை அபூர்வமாகவும் பயன்படுத்துகிறார்கள். கோட்பாட்டின்படி கிடைக்கக்கூடிய உச்ச லாபம் 1.53 டெசிபல். எண் சிறியதாகத் தெரியும், ஆனால் ஷானன் எல்லையை (பிழையின்றி அனுப்பக்கூடிய உச்சத்தை) ஒட்டி வந்துவிட்ட இடத்தில் அரை டெசிபலுக்கே அடித்துக்கொள்கிறார்கள். இன்னொரு வசதி, புள்ளிகளின் விகிதத்தை மாற்றினால் வேகத்தையும் சிறு சிறு படிகளில் மாற்றலாம். கியூபிஎஸ்கேயா 16கியூஏஎம்மா என்று இரண்டே வாய்ப்பில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

என் லிங்க்குக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் தூரத்தையும் இழப்பையும் அளந்து கையில் வையுங்கள். வரைபடத்தில் உள்ள தூரத்தை நம்பாதீர்கள், ஓடிடிஆர் (இழையின் நீளத்தையும் இழப்பையும் அளக்கும் கருவி) காட்டுவதை நம்புங்கள். இரண்டு கிலோமீட்டருக்குள் பிஏஎம்-4. 10 ஜிகாபிட்டே போதும், 80 கிலோமீட்டருக்குள் என்றால் என்ஆர்இசட் மாட்யூல், வெட்கப்பட ஒன்றுமில்லை. 400 வேண்டும், 120க்குள் என்றால் ஸெட்ஆர். சில நூறு கிலோமீட்டருக்கு 16கியூஏஎம் அல்லது பிசிஎஸ். ஆயிரங்களில் போனால் கியூபிஎஸ்கேயிலிருந்து ஆரம்பித்து, மார்ஜின் மிஞ்சினால் மேலே ஏறுங்கள். எதுவானாலும் 3 டெசிபல் கையிருப்பு வையுங்கள். சாலை அகலப்படுத்தும் ஜேசிபி வந்து போனால் ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு ஒட்டு கூடும்.